எம்1, எம்2ல வர்ற மல்டிவேரியபிள் கால்குலஸ்: முதல்ல இருந்து கடைசி வரைக்கும் எப்படி படிக்கலாம்

டபுள் இன்டெக்ரல்ல இன்டெக்ரேட் பண்ணத் தெரியாம மாட்டுறவங்க ரொம்ப கம்மி, லிமிட் (எங்க இருந்து எங்க வரைக்கும் இன்டெக்ரேட் பண்ணணும்ங்கறது) போடத் தெரியாமதான் முக்காவாசி பேர் மாட்டுறாங்க. இது எனக்குப் புரியறதுக்கு நாலு வருஷ இன்ஜினியரிங்கும் அதுக்கு மேல ரெண்டு வருஷ வேலையும் ஆச்சு.

நான் 2013 பேட்ச். அண்ணா யூனிவர்சிட்டியோட அப்போதைய ரெகுலேஷன்ல எம்1 (முதல் செம் மேத்ஸ் பேப்பர்) நாலாவது யூனிட் பார்ஷியல் டெரிவேட்டிவ், அஞ்சாவது யூனிட் மல்டிபிள் இன்டெக்ரல், அடுத்த செம்ல எம்2 தொடக்கமே வெக்டர் கால்குலஸ். எங்க கிளாஸ்ல போர்டுல லிமிட்ட எழுதிட்டுத்தான் சம்மே ஆரம்பிக்கும், அது எங்கிருந்து வந்துச்சுன்னு கேட்டா ரீஜியன பாத்தாலே தெரியும்லன்னு பதில் வரும், ஆனா ரீஜியன்னு ஒண்ண யாரும் வரைஞ்சு காட்டினதே இல்ல. நான் பத்து பதினஞ்சு சம்ம மனப்பாடம் பண்ணி எழுதி பாஸ் பண்ணிட்டேன். பின்னாடி மெஷின் லேர்னிங் வேலைக்கு வந்ததும் கிரேடியன்ட் டிசென்ட்னு தினமும் காதுல விழுது, நமக்கு கிரேடியன்ட்னா ஐ ஜே கே போட்டு எழுதுற ஒரு டூ மார்க் ஆன்சர், அவ்ளோதான். அப்புறம் எம்ஐடி ஓப்பன்கோர்ஸ்வேர்ல 18.02ன்னு ஒரு கோர்ஸ் ஃப்ரீயா இருக்குறத கண்டுபிடிச்சு, 35 லெக்சரையும் ராத்திரி ராத்திரி உக்காந்து பாத்து முதல்ல இருந்து படிச்சேன். இந்த வருஷம் சித்தி பையன் ஃபர்ஸ்ட் இயர் சேர்ந்திருக்கான், அவனுக்கு சொன்னதத்தான் இங்க கோர்வையா எழுதுறேன்.

முதல் வேலை, உங்க ரெகுலேஷன் சிலபஸ கையில எடுங்க. 2021 ரெகுலேஷன்ல எம்1 பேரே மேட்ரிசஸ் அண்ட் கால்குலஸ், அதுல மூணாவது யூனிட் பல வேரியபிள் ஃபங்ஷன், அஞ்சாவது மல்டிபிள் இன்டெக்ரல். வெக்டர் கால்குலஸ் உங்க மேத்ஸ் பேப்பர்ல இல்லாம கூட போகலாம், ஆனா ஈஇஇ, ஈசிஇ பசங்க எலக்ட்ரோமேக்னடிக் பேப்பர்ல அதே ஆள சந்திச்சே ஆகணும், அதனால இல்லன்னு சந்தோஷப்படாதீங்க.

ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி

பிளஸ் டூ கால்குலஸ்ல மூணு விஷயம் யோசிக்காம கை போகணும்: செயின் ரூல், சப்ஸ்டிட்யூஷன், பை பார்ட்ஸ். சைன் ஸ்கொயர், காஸ் ஸ்கொயர் இன்டெக்ரேஷனும் சேத்துக்கோங்க, போலார் வந்தா அது வந்துட்டே இருக்கும். இது ஒரு வாரம்.

இதவிட முக்கியமானது கர்வ் வரையறது. ஒரு ஏ4 ஷீட்ல இதெல்லாம் கையால வரைஞ்சு ஒட்டி வைங்க: எக்ஸ் + ஒய் = ஏ கோடு, ஒய் = எக்ஸ், ஒய் ஸ்கொயர் = 4ஏஎக்ஸ் (வலது பக்கம் திறந்த பாரபோலா), எக்ஸ் ஸ்கொயர் = 4ஏஒய் (மேல திறந்தது), ஒரிஜின்ல சென்டர் இருக்குற வட்டம், எலிப்ஸ், அப்புறம் எக்ஸ் ஸ்கொயர் + ஒய் ஸ்கொயர் = 2ஏஎக்ஸ். கடைசில இருக்குறத பாத்து நிறைய பேர் ஒரிஜின் சென்டர்னு நினைச்சுக்குவாங்க, அது ஏ தூரம் வலது பக்கம் தள்ளி நிக்கிற வட்டம், ஒரிஜின தொட்டுக்கிட்டு மட்டும் இருக்கும். எக்ஸாம்ல அஞ்சாவது யூனிட்ல வர்ற படம் பெரும்பாலும் இந்த ஏழெட்டுக்குள்ளயே முடிஞ்சிடும்.

வெக்டருக்கு ரெண்டு நாள் போதும். டாட் ப்ராடக்ட்னா ஒரு அம்பு இன்னொரு அம்போட திசையில எவ்வளவு போகுதுங்கறது, கிராஸ் ப்ராடக்ட்னா ரெண்டு அம்பும் சேந்து உண்டாக்குற பேரலலோகிராமோட ஏரியாவும் அதுக்கு செங்குத்தான திசையும். இந்த ரெண்டு அர்த்தமும் மனசுல இருந்தா பின்னாடி சர்ஃபேஸ் இன்டெக்ரல்ல நார்மல் வெக்டர் எங்கிருந்து குதிச்சுச்சுன்னு முழிக்க வேண்டாம்.

ரெண்டு வேரியபிள் ஃபங்ஷன மேப் மாதிரி பாருங்க

எஃப் ஆஃப் எக்ஸ், ஒய்னா ஒரு மலை. தரையில எந்த இடத்துல நிக்கிறீங்கங்கறது எக்ஸ், ஒய், அந்த இடத்தோட உயரம் எஃப். ஒரே உயரத்துல இருக்குற புள்ளி எல்லாத்தையும் சேத்தா ஒரு கோடு வரும், அதுதான் கான்டூர். சர்வே ஆஃப் இந்தியா டோப்போஷீட்ல பிரவுன் கலர்ல நெளிஞ்சு நெளிஞ்சு போறது அதே ஆளுதான், கோடு நெருக்கமா இருந்தா செங்குத்து, தள்ளித் தள்ளி இருந்தா சமவெளி. போன்ல ஜியோஜீப்ரா 3டி போட்டு ஃபங்ஷன டைப் பண்ணி விரலால சுத்தி சுத்தி பாருங்க, முதல் வாரம் முழுக்க இத பண்ணினாலும் வேஸ்ட் இல்ல.

லிமிட் கேள்வி (இன்டெக்ரலோட லிமிட் இல்ல, ஒரு புள்ளிய நெருங்கும்போது ஃபங்ஷன் எந்த மதிப்புக்குப் போகுதுங்கறது) டூ மார்க்ல வரும். ஒரு வேரியபிள்னா இடது பக்கம் வலது பக்கம்னு ரெண்டே வழி, இங்க எந்தப் பக்கத்துல இருந்தும் வரலாம், பாம்பு மாதிரி வளைஞ்சும் வரலாம். எக்ஸ்ஒய்ய எக்ஸ் ஸ்கொயர் + ஒய் ஸ்கொயரால வகுத்து ஒரிஜினுக்கு போங்க, ஒய் = எம்எக்ஸ் வழியா வந்தா எம்ம 1 + எம் ஸ்கொயரால வகுத்த விடை வருது, அதாவது கோட்டுக்கு கோடு விடை மாறுது, அதனால லிமிட் கிடையாது. எல்லா நேர்கோட்டுலயும் ஒரே விடை வந்துட்டா லிமிட் இருக்குன்னு முடிவு கட்டவும் முடியாது. எக்ஸ் ஸ்கொயர் ஒய்ய, எக்ஸ் பவர் 4 + ஒய் ஸ்கொயரால வகுத்து பாருங்க, எந்த நேர்கோட்டுல வந்தாலும் 0 வரும், ஒய் = எக்ஸ் ஸ்கொயர்ங்கற பாரபோலா வழியா வந்தா 1/2 வரும்.

பார்ஷியல் டெரிவேட்டிவ்

ஒண்ண நகர்த்தி மத்ததெல்லாம் அப்படியே வைக்கிறது, இதுல கஷ்டமே இல்ல. சிக்கல் செயின் ரூல்ல வரும், அதுக்கு ஒரே மருந்து மரம் வரையறது. மேல யு, அதுக்கு கீழ அது நேரடியா நம்பி இருக்குறவங்க, அவங்களுக்கு கீழ அவங்க நம்பி இருக்குறவங்க. மேல இருந்து கீழ போற ஒவ்வொரு வழிக்கும் டெரிவேட்டிவ பெருக்கி, எல்லா வழியையும் கூட்டுங்க. யு = எஃப் ஆஃப் (ஒய் − இசட், இசட் − எக்ஸ், எக்ஸ் − ஒய்) குடுத்து மூணு பார்ஷியலையும் கூட்டினா 0ன்னு காட்டச் சொல்ற கேள்வி பழைய பேப்பர்ல நிறைய தடவ பாத்திருப்பீங்க, மரத்த வரைஞ்சா அது மூணு வரி.

ஆய்லர் தியரத்துல ஒரு கண்ணி இருக்கு. எக்ஸையும் ஒய்யையும் டி மடங்கு ஆக்கினா விடை டி பவர் என் மடங்கு ஆச்சுன்னா அது டிகிரி என் உள்ள ஹோமோஜீனியஸ் ஃபங்ஷன், அப்போ எக்ஸ் இன்ட்டு எக்ஸ் பார்ஷியல் + ஒய் இன்ட்டு ஒய் பார்ஷியல் = என் இன்ட்டு ஃபங்ஷன், இதுதான் தியரம். சைன் இன்வர்ஸுக்குள்ள எக்ஸ் + ஒய், கீழ ரூட் எக்ஸ் + ரூட் ஒய், இதுதான் யுன்னு குடுப்பாங்க. யு ஹோமோஜீனியஸ் கிடையாது, சைன் யுதான் ஹோமோஜீனியஸ், டிகிரி 1/2. நேரா யுக்கு தியரத்த போட்டா போச்சு. சைன் யுக்கு போட்டு காஸ் யுவால வகுத்தா யுவுக்கு அந்தக் கூட்டல் 1/2 டேன் யு.

கிரேடியன்ட், கொல்லிமலை ரோடு

ரெண்டு பார்ஷியலையும் பக்கத்துல பக்கத்துல வச்சா ஒரு அம்பு வருது, அதான் கிரேடியன்ட். நீங்க நிக்கிற இடத்துல எந்தத் திசையில போனா ஏத்தம் ரொம்ப செங்குத்தா இருக்குமோ அந்தத் திசைய அது காட்டும், அதோட நீளம் அந்த ஏத்தம் எவ்வளவுங்கறது. வேற ஏதாவது திசையில நடந்தா? அந்த அம்புக்கும் நீங்க போற திசைக்கும் நடுவுல இருக்குற கோணத்தோட காஸ் எடுத்து பெருக்கிக்கோங்க, அதுக்குப் பேரு டைரக்ஷனல் டெரிவேட்டிவ்.

கொல்லிமலைக்கு பைக்ல போயிருந்தா இது உடம்புக்கே தெரியும், அங்க 70 கொண்டை ஊசி வளைவு. மலை நேரா 2 அடி போனா 1 அடி ஏறுதுன்னு வைங்க, அதுல நேரா ரோடு போட்டா எந்த பஸ்ஸும் ஏறாது. 20 அடிக்கு 1 அடி ஏறுற மாதிரி ரோடு வேணும்னா காஸ் 0.1 ஆகணும், அதாவது கிரேடியன்ட் திசைல இருந்து கிட்டத்தட்ட 84 டிகிரி திரும்பி, ஏறக்குறைய கான்டூர் கோட்டோடவே போகணும். அப்படியே போனா மலைய சுத்திட்டுத்தான் இருக்கணும், அதனால கொஞ்ச தூரம் போய் மடக்கி இந்தப் பக்கம் திரும்புறாங்க, அதான் ஹேர்பின். கணக்கா பாக்கணும்னா எஃப் = 100 − எக்ஸ் ஸ்கொயர் − 2 ஒய் ஸ்கொயர் எடுத்து (3, 2)ல நில்லுங்க. கிரேடியன்ட் (−6, −8), நீளம் 10. (0.8, −0.6) திசையில போனா −4.8 + 4.8 = 0, ஏத்தமும் இல்ல இறக்கமும் இல்ல, அது கான்டூர் திசை. கிரேடியன்ட் எப்பவும் கான்டூருக்கு செங்குத்துங்கறது இதுதான், யூனிட் நார்மல் கண்டுபிடி, ரெண்டு சர்ஃபேஸுக்கு நடுவுல கோணம் கண்டுபிடின்னு எம்2ல வர்ற டூ மார்க் எல்லாம் இதே ஒரு வரிதான்.

கிரேடியன்ட் டிசென்ட்டும் வேற ஒண்ணும் இல்ல, அம்புக்கு எதிர்ப்பக்கம் சின்னச் சின்ன அடியா இறங்கறது. கோஷிங்கற ஃப்ரெஞ்சு கணிதக்காரர் இத 1847லயே எழுதி வச்சிருக்காரு.

மேக்ஸிமா மினிமா

நம்ம ஊர் புக்ல எல்லாம் ஆர், எஸ், டினு வச்சு ஆர்டி − எஸ் ஸ்கொயர்னு படிப்போம். ஆர்னா எக்ஸ்ல ரெண்டு தடவ, டின்னா ஒய்ல ரெண்டு தடவ, எஸ்னா கலந்து ஒரு தடவ. அது ப்ளஸ்னா உச்சி இல்ல பள்ளம் (ஆர் மைனஸ்னா உச்சி, ப்ளஸ்னா பள்ளம்), மைனஸ்னா சேடில், 0ன்னா இந்த டெஸ்ட் கைய விரிச்சிடும்.

சேடில் பாயின்ட்னா குதிரை சேணம்னு எல்லா புக்லயும் படம் போட்டிருப்பாங்க, குதிரை மேல உக்காந்தவன் நம்மள்ல எத்தனை பேரு? எனக்கு மலைக் கணவாய்தான் சேடில். கணவாய் வழியா இந்தப் பக்கம் இருந்து அந்தப் பக்கம் போறவனுக்கு நடுவுல வர்றது மேடு, ஒரு பக்க மலைல இருந்து எதிர் மலைய பாக்குறவனுக்கு அதே இடம் பள்ளம். ஒரு திசையில மேக்ஸிமம், இன்னொரு திசையில மினிமம், ரெண்டு திசையிலயும் சரிவு 0.

எக்ஸ் க்யூப் + ஒய் க்யூப் − 3ஏஎக்ஸ்ஒய் போட்டுப் பாருங்க, ஏ ப்ளஸ்னு வச்சுக்கோங்க. (0, 0)ல ஆர்டி − எஸ் ஸ்கொயர் = −9 ஏ ஸ்கொயர், சேடில். (ஏ, ஏ)ல 27 ஏ ஸ்கொயர், ஆர் = 6ஏ, அதனால மினிமம், மதிப்பு மைனஸ் ஏ க்யூப். இதுல நிறைய பேர் விடுற இடம் புள்ளி கண்டுபிடிக்கிறது, ரெண்டு ஈக்வேஷனையும் சேத்து சால்வ் பண்ணும்போது எக்ஸ்ஸால அடிச்சு விட்டுட்டு (0, 0) காணாம போயிடும். அடிக்காதீங்க, காமனா வெளிய எடுங்க.

லக்ராஞ்ச் மல்டிப்ளையர் இந்த யூனிட்லயே எனக்கு ரொம்ப புடிச்சது. மேல் மூடி இல்லாத பெட்டி, கொள்ளளவு 32 சிசி, கம்மியான தகட்டுல செய்யணும். தகடு = எக்ஸ்ஒய் + 2ஒய்இசட் + 2இசட்எக்ஸ், கட்டுப்பாடு எக்ஸ்ஒய்இசட் = 32. கட்டுப்பாட்டு சர்ஃபேஸ் மேலயே நடந்து தகட்ட குறைச்சிட்டே வந்தா, இதுக்கு மேல குறைய வழியே இல்லங்கற இடத்துல ரெண்டு கிரேடியன்ட்டும் ஒரே கோட்டுல வந்து நிக்கும், ஒண்ணு இன்னொண்ணோட லாம்டா மடங்கு. மூணு ஈக்வேஷன் வரும், லாம்டாவ நேரா தேடாம முதல் ஈக்வேஷன எக்ஸ்ஸாலயும் ரெண்டாவத ஒய்யாலயும் மூணாவத இசட்டாலயும் பெருக்குங்க, வலது பக்கம் மூணும் ஒண்ணாயிடும், உடனே எக்ஸ் = ஒய், ஒய் = 2இசட்னு விழும். 4, 4, 2. தகடு 48.

இங்கயே எல்லாரும் பேனாவ மூடிடுவாங்க. லாம்டாவையும் கண்டுபிடிங்க, 1 வரும். கொள்ளளவ 32ல இருந்து 33 ஆக்கினா தகடு சுமாரா 1 சதுர சென்டிமீட்டர் கூட ஆகும்னு அர்த்தம். எக்கனாமிக்ஸ்காரங்க ஷேடோ ப்ரைஸ்னு சொல்றது இந்த லாம்டாவத்தான், நம்ம நோட்ஸ்ல அது வெறும் வேண்டாத விருந்தாளி.

டபுள் இன்டெக்ரல்: இங்க நிதானமா நில்லுங்க

உங்க கையில இருக்குற நேரத்துல பாதிய இதுக்கு குடுங்க. நான் என் தம்பிக்கு போட்ட ரூல் ஒண்ணுதான், முதல் 20 சம்முக்கு இன்டெக்ரேட் பண்ணவே கூடாது. படம் வரை, ஷேட் பண்ணு, லிமிட் எழுது, அடுத்த சம்முக்கு போ. அவன் ஆன்சர் வராம என்னத்த படிக்கிறதுன்னு ரெண்டு நாள் முறைச்சான், மூணாவது நாள்ல இருந்து லிமிட் தானா வர ஆரம்பிச்சிடுச்சு.

செய்யுற முறை இது. ரீஜியன வரைஞ்சு ஷேட் பண்ணிட்டு, உள்ளுக்குள்ள ஒரு மெல்லிசான பட்டை வரைங்க. உள் இன்டெக்ரல் டிஒய்னா பட்டை செங்குத்து, டிஎக்ஸ்னா படுக்கை. பட்டை எந்த கர்வ்ல நுழையுதோ அது கீழ் லிமிட், எந்த கர்வ்ல வெளிய போகுதோ அது மேல் லிமிட். அப்புறம் அந்தப் பட்டைய ரீஜியன் முழுக்க தள்ளிட்டு போங்க, எங்க ஆரம்பிச்சு எங்க முடியுதோ அது வெளி லிமிட், அது எப்பவும் வெறும் நம்பர்தான். வெளி இன்டெக்ரல்ல எக்ஸ்ஸோ ஒய்யோ ஒட்டிக்கிட்டு இருந்தா தப்பு பண்ணிட்டீங்க, மேல படிக்காம திரும்பிப் போங்க.

இப்ப சேஞ்ச் ஆஃப் ஆர்டர், அதாவது எக்ஸ், ஒய்ல எத முதல்ல இன்டெக்ரேட் பண்றதுங்கறத மாத்துறது. எக்ஸ்ஒய்ய, ஒய் எக்ஸ் ஸ்கொயர்ல இருந்து 2 − எக்ஸ் வரைக்கும், எக்ஸ் 0ல இருந்து 1 வரைக்கும் இன்டெக்ரேட் பண்ணச் சொல்றாங்க (ஏ போட்டு வர்ற பிரபலமான சம்ல ஏ = 1 வச்சது). வரைஞ்சா கீழ பாரபோலா, மேல கோடு, இடது பக்கம் ஒய் ஆக்ஸிஸ், பாரபோலாவும் கோடும் (1, 1)ல சந்திக்குது. பட்டைய படுக்கையா திருப்புங்க. கீழ இருக்கும்போது பட்டை ஒய் ஆக்ஸிஸ்ல நுழைஞ்சு பாரபோலால வெளிய போகுது, ஒய் = 1 தாண்டினதும் வெளிய போற இடம் கோடா மாறிடுது. கதவு மாறினா இன்டெக்ரல ரெண்டா வெட்டணும். ஒய் 0ல இருந்து 1 வரைக்கும், எக்ஸ் 0ல இருந்து ரூட் ஒய். ஒய் 1ல இருந்து 2 வரைக்கும், எக்ஸ் 0ல இருந்து 2 − ஒய். முதல் துண்டு 1/6, ரெண்டாவது 5/24, மொத்தம் 3/8. இத ரெண்டா வெட்டணும்னே தெரியாமதான் நான் 3/8 ஏ பவர் 4ங்கற ஆன்சர மட்டும் மனப்பாடம் பண்ணி வச்சிருந்தேன், லிமிட்ல ஏதோ கிறுக்கிட்டு கடைசி வரில ஆன்சர எழுதி அண்டர்லைன் பண்றது, வேல்யூவேஷன் பண்றவங்க என்ன அவ்வளவு ஏமாளியா?

எதுக்கு ஆர்டர மாத்தணும்? இ பவர் ஒய் ஸ்கொயர்னு ஒண்ணு குடுத்து, ஒய் எக்ஸ்ல இருந்து 1 வரைக்கும், எக்ஸ் 0ல இருந்து 1 வரைக்கும்னு கேப்பாங்க. இ பவர் ஒய் ஸ்கொயர ஒய்ல இன்டெக்ரேட் பண்ண நமக்குத் தெரிஞ்ச எந்த ஃபங்ஷனும் உதவாது. திருப்பிப் போட்டா எக்ஸ் 0ல இருந்து ஒய் வரைக்கும், அது ஒரு ஒய்ய குடுக்குது, ஒய் இன்ட்டு இ பவர் ஒய் ஸ்கொயர்னு ஆனதும் சப்ஸ்டிட்யூஷன்ல கரைஞ்சிடும், (இ − 1)ல பாதி. இ பவர் மைனஸ் ஒய்ய ஒய்யால வகுத்து, ஒய் எக்ஸ்ல இருந்து இன்ஃபினிட்டி, எக்ஸ் 0ல இருந்து இன்ஃபினிட்டி கேக்குறதும் இதே ஜாதி, ஆன்சர் 1.

போலார். டிஎக்ஸ் டிஒய்க்கு பதிலா ஆர் டிஆர் டிதீட்டா, அந்த ஆர மறக்குறவங்கதான் அதிகம். தோசைய நினைச்சுக்கோங்க, நடுவுல இருந்து ஓரம் வரைக்கும் கத்தியால வெட்டி, வட்ட வட்டமாவும் கீறுறீங்க. நடுவுல இருக்குற துண்டு குட்டி, ஓரத்துல இருக்குறது பெருசு, கோணம் ஒண்ணுதான். துண்டோட ஒரு பக்கம் டிஆர், இன்னொரு பக்கம் ஆர் டிதீட்டா, பெருக்கினா அந்த ஆர் தானா வருது. ஜேக்கோபியன்ங்கறதும் இதுதான், கோஆர்டினேட் மாத்தினதால ஒரு குட்டித் துண்டோட ஏரியா எத்தனை மடங்கு ஆச்சுங்கற கணக்கு.

இதுல மேஜிக் பாக்கணும்னா இ பவர் மைனஸ் எக்ஸ் ஸ்கொயர 0ல இருந்து இன்ஃபினிட்டி வரைக்கும் எடுங்க. நேரா முடியாது. ஒய்லயும் அதே ஒண்ண எழுதி ரெண்டையும் பெருக்கி போலாருக்கு போனா அந்த ஆர் வந்து காப்பாத்துது, பை/4 வருது (3.14 பையச் சொல்றேன்), ரூட் எடுத்தா ரூட் பைல பாதி. ஸ்டாட்டிஸ்டிக்ஸ்ல நார்மல் டிஸ்ட்ரிப்யூஷன்ல ரூட் 2 பை எங்கிருந்து வந்துச்சுன்னு யோசிச்சிருந்தா, வந்த வழி இதான்.

தீட்டா லிமிட்ல ஜாக்கிரதை. தள்ளி நிக்கிற வட்டம் எக்ஸ் ஸ்கொயர் + ஒய் ஸ்கொயர் = 2ஏஎக்ஸ் போலார்ல ஆர் = 2ஏ காஸ் தீட்டா, அதுக்கு தீட்டா −90ல இருந்து 90 டிகிரி வரைக்கும்தான். வட்டம்னு பாத்ததும் 0ல இருந்து 360 போட்டா தப்பு, அந்த வட்டம் முழுசா ஒய் ஆக்ஸிஸுக்கு வலது பக்கம்தானே இருக்கு.

ட்ரிபிள் இன்டெக்ரலுக்கு புதுசா ஒண்ணும் இல்ல. முதல்ல இசட்டுக்கு தரை எது கூரை எதுன்னு பாருங்க, அப்புறம் அதோட நிழல் தரையில விழற ரீஜியனுக்கு டபுள் இன்டெக்ரல் மாதிரியே போங்க. கோளம், அப்புறம் எக்ஸ்/ஏ + ஒய்/பி + இசட்/சி = 1 வெட்டுற டெட்ராஹெட்ரன் (ஏபிசில 6ல ஒரு பங்கு), இந்த ரெண்டும் கைக்கு வந்தா மத்தது வரும்.

வெக்டர் கால்குலஸ்

லைன் இன்டெக்ரல்னா ஒரு பாதையில போகும்போது காத்து நம்மள எவ்வளவு தள்ளி விட்டுச்சு, எவ்வளவு எதிர்த்துச்சுன்னு கூட்டிக்கிட்டே போறது. பாதைய டிங்கற ஒரே வேரியபிள்ல எழுதிட்டா பழைய பிளஸ் டூ இன்டெக்ரல்தான்.

கிரீன் தியரம் சொல்றது, ஓரமா சுத்தி வந்து கூட்டினதும் உள்ள இருக்குற சுழற்சிய எல்லாம் கூட்டினதும் ஒண்ணு. ஊர்ல நிலத்த அளக்க இப்ப போன்ல ஜிபிஎஸ் ஆப் போட்டு வரப்ப சுத்தி நடக்குறாங்கல்ல, நடுவுல காலே வைக்காம ஏரியா எப்படி வருது? எக்ஸ் டிஒய் − ஒய் டிஎக்ஸ்ஸ ஓரமா சுத்தி கூட்டி பாதி எடுத்தா உள்ள இருக்குற ஏரியா, அடியில இருக்குற கணக்கு இந்தக் குடும்பம்தான். மீட்டர்ல மூலைகள் (0, 0), (50, 0), (60, 40), (10, 30)ன்னு ஒரு நிலம், பக்கத்துப் பக்கத்து மூலைய குறுக்கே பெருக்கி கழிச்சா 0, 2000, 1400, 0. கூட்டி பாதி எடுத்தா 1700 சதுர மீட்டர், கிட்டத்தட்ட 42 சென்ட். ஒரு தடவ உங்க வீட்டு மனைப் பத்திரத்த எடுத்து போட்டுப் பாருங்க, அப்பாகிட்ட கொஞ்சம் மரியாதை கூடும்.

இந்த கிரீன் யாருன்னா, நாட்டிங்ஹாம்ல அப்பாவோட காத்தாலைல மாவு அரைச்சுட்டு இருந்தவரு, ஸ்கூலுக்கு ஒழுங்கா போனதே சுமார் ஒரு வருஷம்தான், 1828ல எலக்ட்ரிசிட்டி மேக்னடிசம் பத்தி சொந்தமா ஒரு கட்டுரை போட்டாரு, அதுல இருந்த யோசனைதான் இன்னைக்கு அவர் பேர்ல நிக்குது. நாப்பது வயசுலதான் கேம்பிரிட்ஜ்ல ஸ்டூடன்ட்டா சேர்ந்தாரு.

ஒரு பொறி இருக்கு. கர்ல் (ஒரு புள்ளில சுழற்சி எவ்வளவுங்கறது) 0ன்னா சுத்தி வந்தா லைன் இன்டெக்ரலும் 0தான்னு எழுதிடுவோம். (−ஒய், எக்ஸ்)ஸ எக்ஸ் ஸ்கொயர் + ஒய் ஸ்கொயரால வகுத்த ஃபீல்டுக்கு (ஒவ்வொரு புள்ளிலயும் ஒரு அம்பு, காத்து மாதிரி) ஒரிஜின தவிர எல்லா இடத்துலயும் கர்ல் 0, ஆனா ஒரிஜின சுத்தி ஒரு வட்டம் வந்தா 2 பை வருது. ஒரிஜின்ல ஃபீல்டே இல்ல, அங்க ஒரு ஓட்டை, கிரீன் தியரம் ஓட்டை இருக்குற ரீஜியனுக்கு அப்படியே செல்லாது.

ஸ்டோக்ஸ் தியரம் அதே கிரீன தூக்கி வளைஞ்ச சர்ஃபேஸ் மேல போர்த்துனது, ஓரத்துல வலது கை விதி பாத்து திசைய வைக்கணும், அவ்ளோதான் புதுசு. காஸ் டைவர்ஜென்ஸ் தியரம் (இந்த காஸ் ஆள் பேரு, கோணத்தோட காஸ் இல்ல), மூடின பெட்டில இருந்து வெளிய போனது எவ்வளவுன்னு சுவத்துல அளந்தா என்ன, உள்ள ஊறுனத கூட்டினா என்னன்னு சொல்றது. ஃபீல்டு (எக்ஸ், ஒய், இசட்)னா டைவர்ஜென்ஸ் (ஒவ்வொரு புள்ளிலயும் எவ்வளவு ஊறுதுங்கறது) 3, ஆரம் ஏ உள்ள கோளத்துக்கு பதில் 4 பை ஏ க்யூப், மேல்பரப்பு 4 பை ஏ ஸ்கொயர ஏவால பெருக்கினாலும் அதே. பிளஸ் டூல ஏல இருந்து பி வரைக்கும் இன்டெக்ரேட் பண்ண, பி-ல மதிப்பு கழிச்சல் ஏ-ல மதிப்புன்னு போட்டீங்கள்ல, ஓரத்துல மட்டும் பாத்து உள்ள நடந்தத சொல்றது, இந்த மூணு தியரமும் அதோட அண்ணன் தம்பிங்க.

க்யூப் குடுத்து காஸ் தியரத்த வெரிஃபை பண்ணச் சொன்னா ஆறு முகத்துக்கும் ஒரு டேபிள் போடுங்க: முகம், நார்மல், அந்த முகத்துல எது மாறாது, இன்டெக்ரல். எதிர் முகங்கள ஜோடியா எழுதினா பாதி கேன்சல் ஆயிடும், பதட்டத்துல மைனஸ் விட்டுப் போகாது.

நாள் கணக்கு, எக்ஸாம்

பிளஸ் டூ ரிப்பேருக்கு ஒரு வாரம், கான்டூர்ல இருந்து லக்ராஞ்ச் வரைக்கும் ரெண்டு வாரம், டபுள், ட்ரிபிளுக்கு மூணு வாரம், வெக்டர் இருந்தா இன்னும் ரெண்டு. தினம் ஒன்றரை மணி நேரம், அதுல வீடியோ அரை மணிக்கு மேல வேண்டாம், வீடியோ பாக்கும்போது எல்லாமே புரியுற மாதிரிதான் இருக்கும். 18.02ல டெனி ஓரூ எடுத்த 2007 லெக்சர்ஸ் இருக்கு, 16, 17, 18 மூணும் டபுள் இன்டெக்ரல், 22 கிரீன், வேற எதையும் பாக்காட்டியும் இந்த நாலையும் பாத்துடுங்க, மனுஷன் போர்டு அழிக்கிற வேகத்துக்கு நோட்ஸ் எடுக்க முடியாது, பாஸ் போட்டு பாருங்க. ப்ராப்ளம் செட்டும் சொல்யூஷனும் அங்கேயே இருக்கு. என்பிடெல்ங்கற ஃப்ரீ ஆன்லைன் கோர்ஸ் தளத்துலயும் ஐஐடி சாருங்க எடுத்தது இருக்கு, நம்ம பேப்பர் ஸ்டைலுக்கு அது இன்னும் பக்கம். சம் போட்டுப் பழக லோக்கல் ஆத்தர் புக்கே போதும், கிண்டல் பண்ணுவாங்க, பண்ணட்டும், யூனிவர்சிட்டி கேள்வி எல்லாம் வருஷத்தோட அதுலதான் இருக்கு.

எங்க காலத்துல 10 டூ மார்க், அஞ்சு சிக்ஸ்டீன் மார்க், ஒவ்வொண்ணுலயும் இது இல்லனா அது. படத்துக்கும் லிமிட்டுக்கும் ஸ்டெப் மார்க் இருக்கு, அதனால பென்சில்ல அரைப் பக்கத்துக்கு பெருசா வரைஞ்சு, கர்வ் பேரு, சந்திக்கிற புள்ளி எல்லாம் குறிச்சு, பட்டையையும் போட்டுட்டு அப்புறம் இன்டெக்ரல் எழுதுங்க. கடைசில ஆன்சர் தப்பாவே வந்தாலும் பெரும்பகுதி மார்க் அங்கேயே சேந்திருக்கும். நேரம் மிச்சம் இருந்தா உள்ள இருக்குற ஃபங்ஷன எடுத்துட்டு 1 போட்டு பாருங்க, அந்த லிமிட் ரீஜியனோட ஏரியாவ குடுக்கணும், ஒய் ஸ்கொயர் = 4ஏஎக்ஸ், எக்ஸ் ஸ்கொயர் = 4ஏஒய் ரெண்டுக்கும் நடுவுல 16/3 ஏ ஸ்கொயர் வரலன்னா லிமிட் தப்பு.

எக்ஸாம்ல தெரியாத கேள்வி வந்துட்டா ஒண்ண நினைச்சுக்கோங்க. ஸ்டோக்ஸ் தியரம் முதல்ல அச்சுல வந்ததே ஒரு பரிட்சைல கேள்வியாத்தான். வில்லியம் தாம்சன், பின்னாடி கெல்வின்னு ஆனவரு, 1850ல ஸ்டோக்ஸுக்கு ஒரு லெட்டர்ல எழுதி அனுப்பினாரு, ஸ்டோக்ஸ் அத 1854ல கேம்பிரிட்ஜ் ஸ்மித்ஸ் ப்ரைஸ் பேப்பர்ல ப்ரூவ் பண்ணுன்னு கேட்டுட்டாரு. எந்த புக்லயும் இல்ல, ப்ரீவியஸ் இயர் கொஸ்டினும் கிடையாது. அந்த ஹால்ல உக்காந்து எழுதினவங்கள்ல ஒருத்தர் மேக்ஸ்வெல், பின்னாடி எலக்ட்ரோமேக்னடிக் பேப்பர்ல நம்மள படுத்தி எடுக்கப் போற அதே ஆளு.